பட்டன்களில் பனி விழுந்த நாள்

கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். ரயில் டிக்கெட், மின் கட்டணம், வங்கிக் கணக்கு எனப் பல தளங்களுக்குச் சென்று வருகிறீர்கள். ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தளங்கள் வேறு வேறு. நிறுவனங்களும் வேறு வேறு. ஆனால் தேதி கேட்கும் இடத்தில் கிளிக் செய்தால் விரியும் காலண்டர் பல தளங்களில் ஒன்று போலவே இருக்கும். பட்டனின் மூலை வளைவு, "உறுதியா?" என்று கேட்கும் சிறு கட்டம், பட்டியலின் கீழே வரிசையாக நிற்கும் பக்க எண்கள் என எல்லாமே ஒரே பட்டறையில் செய்தது போலத் தோன்றும்.

பல நேரங்களில் அது உண்மையும்கூட. இந்தப் பாகங்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே செய்வதில்லை. ரெடிமேடாகக் கிடைப்பவற்றை எடுத்து மாட்டிக் கொள்கிறார்கள். இவற்றின் தொகுப்புக்கு யூசர் இண்டர்பேஸ் காம்பொனென்ட் லைப்ரரி என்று பெயர். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, நீங்களே வீட்டில் ஒன்றை எப்படி முயன்று பார்க்கலாம், இரவல் பாகத்தை நம்புவதில் என்ன ஆபத்து என்று இங்கே பார்க்கலாம்.

வயரிங் வேறு, சுவிட்ச் வேறு

புது வீடு கட்டுகிறீர்கள். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் குழாய் பதித்து வயரிங் செய்கிறார். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த வயரிங்கில் இருக்கிறது. சுவிட்ச், பிளக், ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவற்றை அவர் தன் கையால் செய்வதில்லை. கடையில் வாங்கி வந்து பொருத்துகிறார்.

இணைய தளத்தில் வயரிங் வேலையைச் செய்வது ஜாவா ஸ்கிரிப்ட் பிரேம் ஒர்க். ஜாவா ஸ்கிரிப்ட் என்பது பிரவுசருக்குள் இயங்கும் புரோகிராம் மொழி. 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் எந்த இடம் மாற வேண்டும் என்பதை ஜாவா ஸ்கிரிப்ட்டில் வரி வரியாக எழுதலாம். சிறிய பக்கத்திற்கு அது போதும். பெரிய தளத்தில், ஒரு மாற்றம் பத்து இடங்களில் எதிரொலிக்க வேண்டும் என்னும்போது சிக்கல் வந்துவிடும். அந்தச் சிக்கலை ஒழுங்குபடுத்தத்தான் பிரேம் ஒர்க்குகள் வந்தன. பேஸ்புக் நிறுவனம் 2013ஆம் ஆண்டு அனைவருக்கும் வழங்கிய ரியாக்ட், கூகுள் நிறுவனத்தின் ஆங்குலர், இவான் யூ என்பவர் 2014இல் வெளியிட்ட வியூ ஆகிய மூன்றும் இவற்றில் பிரபலமானவை. ரியாக்ட்டை உருவாக்கியவர்கள் அதை லைப்ரரி என்றே சொல்கிறார்கள். நம் வசதிக்காக அதையும் பிரேம் ஒர்க் வரிசையிலேயே வைத்துக் கொள்வோம்.

சுவிட்ச், பிளக் போன்றவற்றைத் தருவது காம்பொனென்ட் லைப்ரரி. ரியாக்ட்டிற்கு ஆண்ட் டிசைன், மெட்டீரியல் யு.ஐ.; வியூவிற்கு வியூட்டிபை; ஆங்குலருக்கு ஆங்குலர் மெட்டீரியல் என ஒவ்வொரு வயரிங்கிற்கும் ஏற்ற பாகங்கள் உள்ளன. இவை நான்குமே இலவசமாகப் பயன்படுத்தக் கூடியவை. எம்.ஐ.டி. லைசென்ஸ் என்ற தாராளமான உரிமத்தின் கீழ் கிடைப்பதால், உங்கள் கடைக்கான தளத்தில் பயன்படுத்தினாலும் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதலில் ஒரு சிறு துப்பறியும் வேலை

நீங்கள் அடிக்கடி செல்லும் ஒரு தளத்தை கம்ப்யூட்டரில் திறந்து கொள்ளுங்கள். அங்குள்ள ஏதேனும் ஒரு பட்டன் மீது மவுஸின் கர்சரை வைத்து ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் கடைசிப் பகுதியில் இன்ஸ்பெக்ட் என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் கிளிக் செய்தால் திரையின் ஓரத்தில் ஒரு புதிய கட்டம் திறக்கும். புரியாத எழுத்துகள் ஓடுகிறதே என்று மூடிவிடாதீர்கள். இங்கே எதை மாற்றினாலும் தளத்திற்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தை மீண்டும் திறந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

நீங்கள் கிளிக் செய்த பட்டனுக்கு உரிய வரி அங்கே நிறம் மாறிக் காட்டப்படும். அந்த வரியில் கிளாஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஏ, என், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு சிறு கோடுமாகத் தொடங்கினால் அது பெரும்பாலும் ஆண்ட் டிசைன் பட்டன். எம், யு, ஐ என்று தொடங்கினால் மெட்டீரியல் யு.ஐ. வி என்ற ஒற்றை எழுத்தும் கோடும் இருந்தால் வியூட்டிபையாக இருக்கலாம். பி, டி, என் என்று இருந்தால் 2011ஆம் ஆண்டு ட்விட்டர் நிறுவனத்திலிருந்து வெளிவந்த பூட்ஸ்ட்ராப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று தளங்களில் பார்த்துவிட்டால், எது எந்தக் கடைச் சரக்கு என்று நீங்களே சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

வீட்டுச் செலவுக் கணக்கு

இப்போது நாமே ஒன்றைச் செய்வோம். வீட்டுச் செலவை எழுதும் ஒரு பக்கம் வேண்டும். தேதி, என்ன செலவு, எவ்வளவு தொகை என்ற மூன்றையும் கொடுத்து "சேர்" என்ற பட்டனை அழுத்தினால், கீழே உள்ள பட்டியலில் ஒரு வரி கூட வேண்டும். மொத்தமும் மாற வேண்டும். ரியாக்ட்டையும் ஆண்ட் டிசைனையும் எடுத்துக் கொள்வோம்.

முதலில் நோட் ஜே.எஸ். என்ற புரோகிராமை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். எல்.டி.எஸ். என்று குறிப்பிட்டிருக்கும் பதிப்பே நமக்கு ஏற்றது. நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு அது. இதனுடன் என்.பி.எம். என்ற துணைப் புரோகிராமும் வந்துவிடும். பாகங்களை இண்டர்நெட்டிலிருந்து கொண்டு வந்து தரும் லாரி ஆபீஸ் என்று இதை வைத்துக் கொள்ளலாம்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என்று டைப் செய்து கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்திடுங்கள். அதில் என்.பி.எம். வழியாக வீட் என்ற கருவியைக் கொண்டு புது புராஜெக்ட் ஒன்றை உருவாக்க வேண்டும். வீட் என்பது வேகமாக என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்தில் வி, ஐ, டி, இ என்று எழுதுவார்கள். தர வேண்டிய கட்டளை அதன் தளத்தின் தொடக்கப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியே காப்பி செய்து கொள்ளலாம். புராஜெக்டின் பெயரையும் பிரேம் ஒர்க்கின் பெயரையும் கேட்கும். ரியாக்ட்டையும் ஜாவா ஸ்கிரிப்ட்டையும் தேர்ந்தெடுங்கள். புது போல்டர் ஒன்று உருவாகும். அந்த போல்டருக்குள் சென்று ஆண்ட் டிசைனை இன்ஸ்டால் செய்திடும் கட்டளையைக் கொடுங்கள். இதுவும் ஆண்ட் டிசைன் தளத்தில் ஒரே வரியாகக் கிடைக்கும்.

சோதனை ஓட்டத்தைத் தொடங்கியதும் லோக்கல் ஹோஸ்ட் என்று தொடங்கும் முகவரி ஒன்று காட்டப்படும். அதை பிரவுசரில் கொடுத்தால் உங்கள் பக்கம் தெரியும். இது உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருக்கும் பக்கம். வெளியில் யாரும் பார்க்க முடியாது என்பதால் தாராளமாகத் தவறு செய்யலாம்.

இனி ஆப் என்று பெயரிட்ட பைலை நோட்பேடில் திறந்து எழுதத் தொடங்கலாம். முதல் வரியில், ஆண்ட் டிசைனிலிருந்து எந்தப் பாகங்கள் வேண்டும் என்று இம்போர்ட் கட்டளையில் குறிப்பிட வேண்டும். நமக்குத் தேவையானவை ஐந்து. தேதிக்கு டேட் பிக்கர், செலவின் பெயருக்கு இன்புட், தொகைக்கு இன்புட் நம்பர், சேர்ப்பதற்கு பட்டன், பட்டியலுக்கு டேபிள். வேண்டியவற்றை மட்டும் கேளுங்கள். கேட்காத பாகங்களில் பெரும்பகுதி, தளத்தை வெளியிடத் தயார் செய்யும்போது விடுபட்டுவிடும். மெதுவான இணைப்பில் உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கு அது பெரிய உதவி.

எது யாருடைய வேலை?

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். "சேர்" பட்டனை வைத்துவிட்டேன். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். நடக்காதுதான். சுவிட்சை வாங்கி வந்து சுவரில் ஒட்டினால் விளக்கு எரியுமா? வயர் கொடுக்க வேண்டும்.

செலவுகளின் பட்டியலை நினைவில் வைத்திருப்பது ரியாக்ட்டின் வேலை. இதற்கு ஸ்டேட் என்று பெயர்; இந்த நிமிடத்தின் நிலவரம் என்று பொருள் கொள்ளலாம். பட்டனின் ஆன் கிளிக் என்ற இடத்தில், "அழுத்தினால் பழைய பட்டியலுடன் இந்தப் புது வரியையும் சேர்த்துப் புதிய பட்டியல் ஒன்றைக் கொடு" என்று நாம் எழுத வேண்டும். நிலவரம் மாறியது தெரிந்ததும் ரியாக்ட் திரையில் தேவையான இடங்களை மட்டும் மாற்றி எழுதும். டேபிளுக்கு நாம் இரண்டு செய்திகளைத் தந்தால் போதும். காலம்ஸ் என்பதில் தலைப்புகள். டேட்டா சோர்ஸ் என்பதில் நம் பட்டியல். கட்டம் போடுவது, பக்க எண் போடுவது எல்லாம் டேபிளின் பொறுப்பு. ஒவ்வொரு வரிக்கும் கீ என்ற பெயரில் தனி அடையாளம் தர மறக்காதீர்கள். இல்லையென்றால் எந்த வரி எது என்று ரியாக்ட்டிற்குக் குழப்பம் ஏற்படும்.

மொத்தத் தொகையைத் தனியாக நினைவில் வைக்க வேண்டாம். பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டிக் கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடங்களில் எழுதி வைத்தால், என்றாவது ஒரு நாள் இரண்டும் ஒத்துப் போகாது. மளிகைக் கடை நோட்டுக்கும் வீட்டு நோட்டுக்கும் நடக்கும் அதே கதைதான்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கத்தை ரெப்ரெஷ் செய்தால் எழுதிய செலவு எல்லாம் மறைந்துவிடும். ஸ்டேட் என்பது தற்காலிக நினைவு. லோக்கல் ஸ்டோரேஜ் என்று பிரவுசரிலேயே உள்ள சிறு பெட்டியில் எழுதி வைத்தால்தான் அடுத்த நாளும் கிடைக்கும். லைப்ரரி அழகாக இருக்கிறது என்பதற்காக அது கணக்கையும் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது.

கிறிஸ்துமஸ் பனி

இவ்வளவு வசதி இருக்கும்போது ஆபத்து எங்கே வருகிறது? நாம் எடுத்துக் கொண்ட ஆண்ட் டிசைனின் கதையையே பார்ப்போம். இது சீனாவின் அலிபாபா குழுமத்தைச் சேர்ந்த ஆண்ட் நிதி நிறுவனத்தில் உருவானது. சீனாவில் அரசு அலுவலகங்களிலிருந்து தனியார் நிறுவனங்கள் வரை இதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

2018ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று காலை, அந்தத் தளங்களைத் திறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். பட்டன்களின் மேல் விளிம்பில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கர்சரை அருகில் கொண்டு சென்றால் "ஹோ ஹோ ஹோ!" என்று கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிரிப்பு எழுத்தில் தோன்றியது. தளத்தை அமைத்த புரோகிராமர்கள் யாரும் அப்படி எழுதவில்லை. ஏதோ வைரஸ் நுழைந்துவிட்டது என்றே பலர் பயந்தார்கள்.

நடந்தது இதுதான். ஆண்ட் டிசைனைப் பராமரித்தவர், அதே ஆண்டு செப்டம்பரில் பட்டனுக்கான புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்திருந்தார். இன்றைய தேதி என்ன என்று பார். மாதம் 11, நாள் 25 என்றால் பனியைக் காட்டு என்பது அதன் சாரம். மாதம் 12 அல்லவா என்று கேட்பீர்கள். ஜாவா ஸ்கிரிப்ட் மாதங்களை 0இலிருந்து எண்ணும். ஜனவரி 0, டிசம்பர் 11. மூன்று மாதங்கள் வரை அந்த வரிகள் எதுவும் செய்யாமல் தூங்கிக் கொண்டிருந்தன. எவ்வளவு சோதனை செய்தாலும் பட்டன் சரியாகவே வேலை செய்தது. அந்த ஒரு நாளில் மட்டும் விழித்துக் கொண்டன.

விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் சீனாவில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை நாள் அல்ல. அரசுத் தளங்களிலும் வாடிக்கையாளர்களின் தளங்களிலும் இப்படித் தோன்றியதால், அவற்றை அமைத்தவர்கள் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். "நான் எழுதவில்லை, லைப்ரரி எழுதியது" என்றால் யார் ஏற்பார்கள்? பராமரித்தவர் மன்னிப்புக் கேட்டார். பனி நீக்கிய பதிப்பும் வெளியானது.

இதில் பனிதான் விழுந்தது. அதே இடத்தில் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டைத் திருடும் நான்கு வரிகள் இருந்திருந்தால்? அதுவும் மூன்று மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

இதற்கு முன்பே, 2016ஆம் ஆண்டு மார்ச்சில், என்.பி.எம். சேமிப்பகத்தில் இருந்த லெப்ட் பேட் என்ற குட்டிப் பாகத்தை அதை எழுதியவர் நீக்கிவிட்டார். மொத்தமே 11 வரிகள். ஒரு சொல்லின் இடப் பக்கத்தில் வெற்றிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஆனால் அதை நம்பி வேறு பாகங்கள், அவற்றை நம்பி இன்னும் வேறு பாகங்கள் என்று இருந்ததால், உலகம் முழுவதும் ஏராளமான புராஜெக்டுகளைத் தயார் செய்ய முடியாமல் போனது. சில மணி நேரத்தில் அதை மீண்டும் கொண்டு வந்தார்கள்.

ரெகுலேட்டர் போர்டில் பொருந்துமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. வயரிங்கை மாற்றினால் பழைய சுவிட்ச் பொருந்தாமல் போகலாம். வியூவின் மூன்றாம் பதிப்பு 2020 செப்டம்பரில் வந்தது. அதற்கு ஏற்ற வியூட்டிபையின் மூன்றாம் பதிப்பு முழுமையாக வெளியானது 2022 நவம்பரில். இடையில் இரண்டு ஆண்டுகள். வியூட்டிபையை நம்பித் தளம் அமைத்தவர்கள் பழைய வியூவிலேயே காத்திருந்தார்கள். அந்தப் பழைய வியூவிற்கான பராமரிப்பும் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. யாஹூ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஒய்.யு.ஐ. என்ற லைப்ரரியில், 2014ஆம் ஆண்டு புதிய வேலைகள் நிறுத்தப்பட்டன. பெரிய நிறுவனம் என்பதற்காக எதுவும் நிரந்தரம் அல்ல.

என்ன செய்யலாம்?

1. தேவையா என்று முதலில் கேளுங்கள். தேதி கேட்கும் பெட்டி இன்று பிரவுசர்களிலேயே இருக்கிறது. பயர்பாக்ஸில் 2017இலும் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கான சபாரியில் 2021இலும் அது வந்துவிட்டது. ஒரு தேதிக்காக முழு லைப்ரரியை இழுத்து வர வேண்டாம்.

2. இன்ஸ்டால் செய்யும்போது பேக்கேஜ் லாக் என்று ஒரு பைல் உருவாகும். எந்தப் பாகத்தின் எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கும் ரசீது அது. அதை அழிக்காதீர்கள். நீங்கள் அறியாமல் பதிப்பு மாறுவதை இது தடுக்கும். ஆனால் பனி விழுந்த பதிப்பையே ரசீதில் எழுதி வைத்திருந்தவர்களை இது காப்பாற்றியிருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

3. பதிப்பை மாற்றும் முன் மாற்றங்களின் பட்டியலைப் படியுங்கள். பிரேம் ஒர்க்கின் எந்தப் பதிப்புடன் சேரும் என்று அதில் குறிப்பிட்டிருப்பார்கள்.

4. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் கீயை அழுத்தி அழுத்தி உங்கள் பக்கத்தில் நகருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டனுக்கும் போக முடிகிறதா? என்டர் தட்டினால் பட்டன் வேலை செய்கிறதா? பார்வையற்றவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற திரை வாசிப்பான்களைக் கொண்டு இந்த வழியில்தான் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல லைப்ரரியின் பட்டனில் இது தானாகவே அமையும். வெறும் கட்டத்திற்கு வண்ணம் பூசிப் பட்டன் என்று வைத்தால் அமையாது. லைப்ரரியை நாடுவதற்கு அழகைவிடப் பெரிய காரணம் இதுதான்.

5. தமிழில் எழுதிப் பாருங்கள். "சேவ்" என்ற இடத்தில் "சேமித்து வைக்கவும்" என்று எழுதினால் பட்டனுக்குள் அடங்குகிறதா? மேலே சுழியும் கீழே கொக்கியும் வெட்டுப்படாமல் தெரிகின்றனவா? லைப்ரரிகள் பிறந்த மொழியின் சாயல் அவற்றில் இருக்கும். ஆண்ட் டிசைனின் பட்டனில் சரியாக இரண்டு சீன எழுத்துகள் இருந்தால் நடுவில் தானாகவே இடைவெளி விழும். சீனக் கண்ணுக்கு அதுவே அழகு. நம் எழுத்துக்கு எது அழகு என்று நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டும். காலண்டர் போன்றவற்றில் வரும் சொற்களுக்கு ஆண்ட் டிசைனில் தமிழ் மொழிப் பைலும் இருக்கிறது. கான்பிக் ப்ரொவைடர் என்ற பாகத்தில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

கடையில் வாங்கிய சுவிட்சைப் பொருத்துவதில் தவறே இல்லை. எல்லா எலக்ட்ரீஷியனும் செய்வதுதான். ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் வீட்டுக்காரர் சுவிட்ச் கம்பெனியைத் தேடிப் போக மாட்டார். வயரிங் செய்தவரைத்தான் கூப்பிடுவார். உங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். அதனால் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

செலவுக் கணக்குப் பக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிப் பாருங்களேன். முதல் வரியாக, சென்ற மாத இண்டர்நெட் கட்டணத்தையே எழுதலாம்.